நெற்றிச் சுருக்கமும் நச்சு மருந்தும்

முகத்திலே சுருக்கம் விழுதல் முதுமையின் அறிகுறி எனப் பொதுவாகச் சொல்லப்படுகின்றது. ஆயினும் சுருக்கங்கள் எல்லாம் ஓரினத்தன அல்ல. சினங்கொள்ளும்போதும், ஒன்றை நுணுகி நோக்கும்போதும், வெயிலுக்குக் கண்ணை இடுக்கும்போதும் புருவங்களின் நடுவே செங்குத்தாகச் சில கோடுகள் தோன்றுகின்றன. வியப்புறும்போது நெற்றியிலே குறுக்குக் கோடுகள் எழுகின்றன. சிரிக்கும்போது கண்ணின் கடைக்கோணத்திலிருந்து சிறு கோடுகள் விசிறிபோல விரிகின்றன. இவை தோலின் கீழுள்ள தசைகள் சுருங்குவதனால் உண்டாவன. இளமையிலே தசை தளர்ந்தவுடன் கோடும் மறைந்துவிடும். ஆண்டுகள் பல கழிய, ஒரே இடத்தில் மடித்து மடித்து விரித்த கடதாசியைப் போலத் தோலிலே அக்கோடு பதிந்துவிடுகின்றது. வேறு சில சுருக்கங்களோ தசையின் தொழிலாற் பிறப்பன அல்ல. வெயிலினாலும், புகைபிடித்தலினாலும், தோலின் நெகிழ்ச்சி குன்றுவதனாலும், கன்னத்துக் கொழுப்பு வற்றுவதனாலும் அவை உண்டாகின்றன.

இவ்வேறுபாட்டை முதலிலே கூறுவதற்குக் காரணம் உண்டு. சுருக்கத்தைத் தளர்த்தும் ஊசி மருந்து பெற விரும்பி இன்று ஒருவர் வைத்தியரிடம் சென்றால், அவர் முன்னே பல பெயர்கள் வைக்கப்படுகின்றன. பொட்டொக்ஸ், டிஸ்போர்ட், ஸியோமின், ஜூவோ, லெட்டிபோ, டக்ஸிபை என அப்பட்டியல் நீள்கின்றது. இவற்றுள் எது சிறந்தது என்பதே பெரும்பாலோர் கேட்கும் கேள்வி. அக்கேள்வி தவறானதன்று. ஆனால் அதற்கு முன்னர்க் கேட்கவேண்டியவை வேறு சில உள. அவற்றைக் கேளாது மருந்தின் பெயரை மட்டும் தேர்ந்தெடுப்பது, படகோட்டியை அறியாது படகின் நிறத்தைத் தேர்ந்தெடுப்பதை ஒக்கும்.

இம்மருந்துகள் அனைத்துக்கும் மூலப்பொருள் ஒன்றே. அது மருந்தாகப் பிறந்ததன்று, நஞ்சாகப் பிறந்தது. ஜேர்மனியின் வூர்ட்டெம்பேர்க் நாட்டிலே யுஸ்தினுஸ் கேர்னர் என்னும் வைத்தியர் ஒருவர் இருந்தார். அவர் கவிஞருமாவர். கெட்டுப்போன இறைச்சிப் பணியாரத்தை உண்டோர் கண்ணிமை சரிந்து, விழுங்க இயலாது, மூச்சடங்கி இறத்தலைக் கண்ட அவர், அந்நோயின் குணங்களை 1820 ஆம் ஆண்டிலும் 1822 ஆம் ஆண்டிலும் விரிவாக எழுதி வெளியிட்டார். இறைச்சியைக் குடலில் அடைத்துச் செய்யும் அப்பணியாரத்துக்கு இலத்தீன் மொழியில் வழங்கிய பெயரிலிருந்தே பொட்டுலினம் என்னும் சொல் பிறந்தது. இந்நஞ்சு மிகச் சிறிய அளவில், மிகைப்பட்டு இயங்கும் நரம்புகளை அடக்கும் மருந்தாகலாம் என்றும் கேர்னர் அன்றே கருதினார்.

1895 ஆம் ஆண்டிலே பெல்ஜியத்து எல்செல் என்னும் சிற்றூரில் ஓர் இறுதிச் சடங்குக்கு வந்திருந்த வாத்தியக்காரர் பன்றித்தொடை இறைச்சியை உண்டு நோயுற்றனர், மூவர் மாண்டனர். அவ்விறைச்சியை ஆராய்ந்த எமில் வான் எர்மெங்கெம் என்னும் பேராசிரியர், காற்றில்லா இடத்தில் வளரும் ஒரு பற்றீரியாவே இந்நஞ்சைச் சுரக்கின்றது எனக் கண்டார். அது குளோஸ்ட்ரீடியம் பொட்டுலினம் என இன்று அழைக்கப்படுகின்றது. 1949 ஆம் ஆண்டில் ஆர்னோல்ட் பேர்கனும் அவருடைய துணைவரும், நரம்பு தசைக்கு ஆணையிடும்போது வெளிவிடும் அசற்றைல்கோலின் என்னும் பொருளை இந்நஞ்சு தடுக்கின்றது எனக் காட்டினர். ஆணை சென்று சேராத தசை சுருங்காது. நஞ்சின் இரகசியம் இவ்வளவே.

இதனை மருந்தாக்கிய பெருமை சன் பிரான்சிஸ்கோவின் கண் வைத்தியரான அலன் ஸ்கொட் என்பவரைச் சேரும். மாறுகண்ணைச் சத்திரசிகிச்சையின்றித் திருத்த விரும்பிய அவர், குரங்குகளிற் சோதித்தபின், 1970களின் இறுதியில் மனிதர்க்கும் இம்மருந்தை ஏற்றினார். 1989 ஆம் ஆண்டில் மாறுகண்ணுக்கும், கட்டுப்பாடின்றிக் கண்ணிமை துடித்து மூடிக்கொள்ளும் நோய்க்கும் இதனைப் பயன்படுத்த அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் அனுமதி வழங்கியது. பின்னரே இதற்குப் பொட்டொக்ஸ் என்னும் பெயர் வந்தது.

சுருக்கத்தின் கதை கனடாவின் வன்கூவர் நகரிலே தொடங்குகின்றது. அங்கே ஜீன் கரதர்ஸ் என்னும் கண் வைத்தியர் 1987 ஆம் ஆண்டிலே இமைத்துடிப்பு நோயுள்ள ஒரு பெண்ணுக்கு இம்மருந்தை ஏற்றிவந்தார். ஒருமுறை புருவ நடுவில் ஊசி போடாது விட்டமைக்காக அப்பெண் குறைப்பட்டுக்கொண்டார். அங்கே ஊசி போட்டால் தம் முகத்தின் கடுமை நீங்கி அமைதி தோன்றுவதை அவர் கண்டிருந்தார். ஜீன் அம்மையாரின் கணவர் அலஸ்டெயர் கரதர்ஸ் தோல்நோய் வைத்தியர். இருவரும் சேர்ந்து இதனை ஆராய்ந்து, 1992 ஆம் ஆண்டில் முடிபுகளை வெளியிட்டனர். கனடா 2001 ஆம் ஆண்டிலும், அமெரிக்க ஐக்கிய நாடுகள் 2002 ஆம் ஆண்டிலும் புருவ நடுச் சுருக்கத்துக்கு இதனை அனுமதித்தன. கண்ணோரக் கோடுகளுக்கு 2013 ஆம் ஆண்டிலும், நெற்றிக் கோடுகளுக்கு 2017 ஆம் ஆண்டிலும் அமெரிக்க அனுமதி கிட்டியது.

ஊசி ஏற்றியவுடன் மாற்றம் எதுவும் தோன்றாது. இரண்டு மூன்று நாட்களில் தசை தளரத் தொடங்கும். இரண்டு வாரமளவில் முழுப்பயன் தெரியும். பின்னர் நரம்பின் நுனி தன் தொழிலை மீளப் பெறுகின்றது. ஆதலால் மூன்று நான்கு மாதங்களில் தசை முன்போல இயங்கத் தொடங்குகின்றது. இது நிலையான திருத்தமன்று. காலத்துக்குக் காலம் புதுப்பிக்கவேண்டியதொன்று. விரும்பாதவர் நிறுத்திவிடலாம், நிறுத்தினால் முகம் பழைய நிலைக்குத் திரும்பும்.

ஆகவே முதலாவது கேள்வி இதுவாகும்: குறித்த சுருக்கம் தசையினால் உண்டாவதா? கண்ணாடி முன்னின்று புருவத்தை நெரித்தும் தளர்த்தியும் பார்த்தால் ஓரளவு விளங்கும். நெரிக்கும்போது ஆழ்ந்து, தளர்த்தும்போது மறையும் கோட்டுக்கு இம்மருந்து நன்கு பயன்படும். தளர்த்தியபோதும் ஆழப் பதிந்து நிற்கும் கோடு மெலியலாம், முற்றாக மறையாது. மூக்கின் பக்கத்திலிருந்து வாயோரம்வரை இறங்கும் மடிப்புக்கு இது உரிய மருந்தன்று. அங்கே வைத்தியர் சிலர் நிரப்புப் பொருள் எனப்படும் வேறொரு ஊசியைப் போடுவர். இரண்டும் ஊசியாயினும் ஒன்று தசையைத் தளர்த்துவது. மற்றது பள்ளத்தை நிரப்புவது. நிரப்புப் பொருள் தவறுதலாக இரத்தக் குழாயினுட் புகுந்தால் தோல் இறத்தலும், அரிதாகக் கண்பார்வை இழத்தலும் நேரக்கூடும். எனவே தமக்கு ஏற்றப்படுவது எவ்வகை ஊசி என்பதை ஒவ்வொருவரும் தெளிவாகக் கேட்டறிதல் வேண்டும்.

இனி, பெயர்களை நோக்கலாம். பொட்டொக்ஸ் மிக நீண்டகால அனுபவமுடையது. டிஸ்போர்ட் இங்கிலாந்தின் போர்ட்டன் என்னுமிடத்திலே தோன்றியது. அமெரிக்காவில் 2009 ஆம் ஆண்டில் அனுமதி பெற்றது. இதிலே பசுப்பாலின் புரதம் மிகச் சிறிய அளவிற் கலந்திருக்கக்கூடும். ஆதலால் பசுப்பாற் புரதம் ஒவ்வாதவர்க்கு இது விலக்கு. ஸியோமின் ஜேர்மனியிலே செய்யப்படுவது. புருவ நடுச் சுருக்கத்துக்கு 2011 ஆம் ஆண்டில் அமெரிக்க அனுமதி பெற்றது. நஞ்சைச் சூழ்ந்திருக்கும் துணைப் புரதங்கள் இதில் நீக்கப்பட்டுள்ளன. குப்பி திறக்கப்படாதவரை இதனைச் சாதாரண அறை வெப்பநிலையிலும் வைத்திருக்கலாம். ஜூவோவும் லெட்டிபோவும் கொரியாவில் உருவானவை. முன்னது 2019 ஆம் ஆண்டிலும், பின்னது 2024 ஆம் ஆண்டிலும் அமெரிக்க அனுமதி பெற்றன. டக்ஸிபை 2022 ஆம் ஆண்டில் அனுமதி பெற்றது. ஏனையவற்றில் மனிதக் குருதியிலிருந்து பெறும் அல்புமின் சேர்க்கப்பட, இதில் அது இல்லை. ஒரு சிறு புரதத் துண்டே மருந்தைக் காக்கின்றது.

பலமுறை ஊசி பெற்றவரின் உடல் சிலவேளை மருந்தை எதிர்க்கும் பொருளை உண்டாக்கி, பயனைக் கெடுத்துவிடும். துணைப் புரதம் இல்லாத மருந்தில் இவ்வாய்ப்புக் குறைவு என்பர் சிலர். ஆயினும் முகச் சுருக்கத்துக்கு வேண்டிய சிற்றளவில் இத்தகைய எதிர்ப்பு எம்மருந்திலும் அரிதே. அடிக்கடி ஊசி போடுவது அவ்வாய்ப்பைக் கூட்டும் என்பதனால், மூன்று மாதத்துக்கு ஒருமுறைக்கு மேல் ஏற்றாதிருத்தலே முறை.

இவ்விடத்திலே பலர் இடறும் கல் ஒன்று உண்டு. அதுவே அலகு. புருவ நடுவிலே ஐந்து இடங்களில் ஏற்றும் மருந்தின் மொத்த அளவு, பொட்டொக்ஸ், ஸியோமின், ஜூவோ, லெட்டிபோ ஆகிய நான்கிலும் 20 அலகு. டிஸ்போர்ட்டில் 50 அலகு. டக்ஸிபையில் 40 அலகு. ஐம்பது அலகு பெற்றவர் இருபது அலகு பெற்றவரைவிட வலிய மருந்து பெற்றார் எனக் கொள்வது பிழை. நஞ்சேற்றிய சுண்டெலிகளிற் பாதியைக் கொல்லும் அளவே ஓர் அலகு என முதலில் வகுக்கப்பட்டது. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தத்தம் முறையில் அதனை அளந்தனர். உயிரணுக்களைக் கொண்டு அளக்கும் முறை பின்னர் வந்தபோதும், ஒருவர் அலகு மற்றவர் அலகன்று என்னும் நிலை மாறவில்லை. ஒன்றின் அலகை மற்றதன் அலகாக மாற்றக் கூடாது என மருந்துடன் வரும் குறிப்புக்களிலேயே எழுதப்பட்டுள்ளது.

இது விலையிலும் வந்து பொருந்துகின்றது. ஓரிடத்திலே டிஸ்போர்ட்டின் ஓரலகு பொட்டொக்ஸின் ஓரலகுக்குப் பாதி விலை என விளம்பரம் செய்யப்படுகின்றது எனக் கொள்ளலாம். மலிவென்று எண்ணிச் செல்பவர் பெறவேண்டியது 50 அலகு. பாதி விலையில் 50 அலகு என்பது முழு விலையில் 25 அலகுக்குச் சமம். பொட்டொக்ஸ் பெற்றிருந்தால் 20 அலகே போதும். மலிவெனத் தோன்றியது காற்பங்கு கூடுதலாக முடிந்தது. ஆகவே அலகின் விலையை ஒப்பிடாது, குறித்த இடத்துச் சிகிச்சைக்கு மொத்தம் எவ்வளவு, அது எத்தனை மாதம் நிற்கும் என இரண்டையும் சேர்த்து ஒப்பிடுதலே அறிவுடைமை.

நீடிக்கும் காலத்தைப் பொறுத்தவரை, டக்ஸிபை ஆய்வுகளிற் சராசரியாக ஆறு மாதமளவில் நின்றது. மீண்டும் மீண்டும் செல்ல விரும்பாதார்க்கு இது வாய்ப்பானதே. ஆனால் பயன் நீடிக்கும்போது விரும்பாத விளைவும் நீடிக்கக்கூடும். முதன்முறையாக ஊசி பெறுபவர் தம் முகம் எவ்வாறு மாறும் என்பதை அறியார். அவர் குறுகிய காலம் நிற்கும் மருந்தைக் குறைந்த அளவிற் பெற்றுப் பார்த்து, பின் முடிவு செய்வது தீங்கற்ற வழி. கூட்டுவது எளிது, ஏற்றியதைத் திரும்ப எடுத்தல் இயலாது.

இயல்பான பக்கவிளைவுகள் சிறியன: ஊசி பட்ட இடத்திற் கன்றிப்போதல், சில நாள் தலைவலி போன்றன. மருந்து அருகிலுள்ள தசைக்குப் பரவினால் மேலிமை சரிந்துவிடும். புருவ நடுச் சிகிச்சை பற்றிய ஆய்வுகளில் நூற்றுக்கு இருவர் மூவர் அளவில் இது கண்டது. இது சில வாரங்களில் தானாகத் தீரும். கண்சொட்டு மருந்தும் ஓரளவு உதவும். நெற்றித் தசையே புருவத்தைத் தூக்கி நிறுத்துவது. கோடு ஒன்றும் இருக்கலாகாது என அதனை முற்றாகத் தளர்த்தினால் புருவம் கண்மேற் சாயும். வயது முதிர்ந்தோரிடத்து இது கூடுதலாகத் தெரியும். இத்தகைய குறைகள் பெரும்பாலும் மருந்தின் பெயரால் வருவன அல்ல. ஊசி செல்லும் இடத்தாலும் ஆழத்தாலும் அளவாலும் வருவன. அஃதாவது, கையால் வருவன.

சிலர் இச்சிகிச்சையை நாடலாகாது. தசையும் நரம்பும் கூடும் இடத்தைத் தாக்கும் மயஸ்தீனியா போன்ற நோயுடையோர் தம் நரம்பியல் வைத்தியரைக் கலவாது இதனைப் பெறுதல் ஆபத்து. கருவுற்றோர்க்கும் பாலூட்டுந் தாய்மார்க்கும் தீங்கின்மை நிறுவப்படவில்லையாதலால், அவர்க்கு இது தவிர்க்கப்படுகின்றது. ஊசி போடும் இடத்திற் புண்ணோ கிருமித்தொற்றோ இருப்பின் அது ஆறும்வரை காத்திருத்தல் வேண்டும். உட்கொள்ளும் மருந்துகளையும் வைத்தியரிடம் ஒளியாது கூறவேண்டும். ஜென்றாமைசின் போன்ற சில கிருமியெதிர்ப்பு மருந்துகள் இந்நஞ்சின் வலிமையைக் கூட்டுவன.

எல்லாவற்றிலும் பெரிய கேள்வி இனித்தான் வருகின்றது. குப்பியில் இருப்பது யாது? முறையாகச் செய்த மருந்தில், புருவ நடுவுக்கு வேண்டிய 20 அலகிலே உள்ள தூய நஞ்சின் நிறை ஒரு நனோகிராமிலும் குறைவு. நனோகிராம் என்பது ஒரு கிராமை நூறு கோடிக் கூறு செய்தால் அதில் ஒரு கூறு. அத்துணைச் சிறிய அளவிலேதான் மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையிலுள்ள எல்லை காக்கப்படுகின்றது. 2004 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், ஆய்வுகூடத்துக்கென விற்கப்பட்ட செறிவு மிக்க நஞ்சு, உரிமம் பெற்ற மருந்துக்குப் பதிலாக முகத்தில் ஏற்றப்பட்டது. ஏற்றப்பெற்ற நால்வர் உடல் செயலிழந்து, மூச்சுக்கு இயந்திரத்தின் துணை வேண்டிய நிலையில் வைத்தியசாலையிற் கிடந்தனர்.

அது பழைய கதை எனத் தள்ளிவிட முடியாது. 2024 ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் போலிப் பொட்டொக்ஸ் பற்றி அதிகாரிகள் எச்சரிக்கை விடுத்தனர். வீடுகளிலும் அழகுநிலையங்களிலும், உரிமமோ பயிற்சியோ இல்லாதோரிடம் ஊசி பெற்ற 22 பேர், 11 மாநிலங்களில், தீய விளைவுக்கு ஆளாயினர். போலிப் பெட்டிகள் சிலவற்றில் 150 அலகு என அச்சிடப்பட்டிருந்தது. உண்மையான தயாரிப்பாளர் அந்த அளவிற் குப்பி செய்வதேயில்லை. 2025 ஆம் ஆண்டு யூன், யூலை மாதங்களில் இங்கிலாந்திலே அழகுச் சிகிச்சை ஊசியால் நஞ்சேறியோர் 38 பேர் எனச் சுகாதாரப் பாதுகாப்பு அதிகாரிகள் அறிவித்தனர். உரிமமற்ற மருந்தே அங்கும் காரணமாகக் கருதப்பட்டது. 18 வயதுக்குட்பட்டோர்க்கு அழகின் பொருட்டு இவ்வூசி போடுவதை அந்நாடு 2021 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலேயே சட்டத்தால் தடுத்திருந்தது. சட்டம் இருந்தும் குப்பி போலியானால் காப்பது யார்?

எனவே ஊசி பெறுமுன் சில கேள்விகளைத் தயக்கமின்றிக் கேட்டல் வேண்டும். ஊசி போடுபவர் பதிவுபெற்ற வைத்தியரா? இலங்கையில் வைத்தியர்களைப் பதிவுசெய்வது இலங்கை மருத்துவச் சபை. மருந்தின் பெயர் யாது? அது நாட்டிலே பதிவு செய்யப்பட்டதா? 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபையின் பொறுப்பு அது. குப்பியையும் பெட்டியையும் காட்டச் சொல்லலாம். தொகுதி இலக்கத்தையும் காலாவதித் திகதியையும் குறித்துக்கொள்ளலாம். குப்பியில் இருப்பது பெரும்பாலும் உலர்ந்த தூள். அதனை உப்புநீர்க் கரைசலில் கரைத்தே ஏற்றுவர். எவ்வளவு நீரிற் கரைத்தார், எத்தனை அலகு ஏற்றினார் என்பவற்றை எழுதித்தரக் கேட்டல் நன்று. இமை சரிந்தால் யாரிடம் வரவேண்டும் என்பதையும் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். இக்கேள்விகளாற் சினங்கொள்பவரிடம் முகத்தைக் கொடாதிருத்தலே நலம்.

ஊசி பெற்றபின் சில மணி நேரத்திலோ, நாட்களிலோ, சில வாரங்களிலோ விழுங்குதல் கடினமாதல், குரல் தளர்தல், பொருள் இரண்டாகத் தோன்றுதல், உடற்சோர்வு, மூச்சுத் திணறல் ஆகியவற்றுள் எது கண்டாலும் உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். ஊசி பெற்ற செய்தியை நாணத்தால் மறைத்தல் உயிருக்கே ஊறாகும். இந்நஞ்சுக்கு மாற்று மருந்து உண்டு. ஆனால் அது நரம்பைப் பற்றிவிட்ட நஞ்சை அகற்றாது. இன்னும் பற்றாது இரத்தத்தில் உலவுவதையே தடுக்கும். ஆதலால் காலந்தாழ்த்தாமையே அங்கு மருந்தாகும்.

இவையனைத்தையும் கேட்டறிந்தபின், புருவ நடுக் கோட்டை மெலிவிக்க ஒருவர் முடிவு செய்தால், அதிற் பழிக்கத்தக்கது எதுவுமில்லை. தளராத முகக் கடுமையினாற் பிறர் தம்மைச் சினமுடையார் எனத் தவறாக எண்ணுகின்றனர் என வருந்துவோர் பலர். அவர்க்கு இது ஓர் ஆறுதல். பதிவுபெற்ற மருந்துகளுக்கிடையே உள்ள வேறுபாடு சிறிது. தேர்ந்த வைத்தியர் தமக்குப் பழக்கமான மருந்தைக் கொண்டே நல்ல பயன் காட்டுவார். தேர்ந்த கைக்கும் தேராத கைக்கும், உண்மைக் குப்பிக்கும் போலிக் குப்பிக்கும் உள்ள வேறுபாடோ மிகப் பெரிது. மருந்தைத் தேர்வதற்கு முன் வைத்தியரைத் தேர்க. வைத்தியர் ஐயமறப் பதிலளிக்காவிடின், சுருக்கத்தோடு வீடு திரும்புக. நெற்றிக்கோடு எவர் உயிரையும் எடுத்ததில்லை.